புதுப்பிப்பு: அண்ணனுக்கு இரண்டாவது கிட்னி வச்சாச்சு

அம்மா கொடுத்த கிட்னி பழுதானதும், மறுபடி மாற்று அறுவை செய்யலாமா, டயாலிசிஸிலேயே ஓட்டலாமானு போன வருஷம் கேட்டிருந்தேன். அண்ணி கொடுத்தாங்க, ரெண்டு பேரும் வீடு வந்தாச்சு. அண்ணனோட கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுனு காட்டுற ரத்த டெஸ்ட்) 1.4.

இழுத்தடிச்சது ஆபரேஷன் இல்லை, கிராஸ்மேட்ச்தான் (கொடுக்கிறவங்க கிட்னியை அண்ணனோட ரத்தம் எதிர்க்குமானு பார்க்கிற டெஸ்ட்). முதல் கிட்னிக்கு எதிரா உருவான ஆன்டிபாடிகள் ரத்தத்திலேயே இருந்தா, அடுத்ததையும் தாக்கலாமாம். அண்ணியோடது ஒத்துப்போன பிறகுதான் தேதியே கொடுத்தாங்க.

அம்மாவோடது வலப்பக்கம் அப்படியே இருக்கு, புதுசு இடப்பக்கம். பிறவியிலேயே உள்ள ரெண்டையும் சேர்த்தா நாலு கிட்னி!

“ரெண்டாவது நிக்காது”ன்னவங்களுக்கு: முதல் தடவையைவிடப் பொதுவா ஆயுசு கொஞ்சம் குறைவுதான், ஆனா டயாலிசிஸிலேயே கிடக்கிறதைவிட மேல்னு டாக்டர் சொன்னார்.

டாக்ரோலிமஸ் (புது கிட்னியை உடம்பு நிராகரிக்காம இருக்கிறதுக்கான மாத்திரை) காலை 9, ராத்திரி 9. ரத்தத்தில அந்த மருந்து எவ்வளவு இருக்குனு பார்க்கிற லெவல் டெஸ்ட் அன்னிக்கு மட்டும் ரத்தம் கொடுத்துட்டுத்தான் காலை மாத்திரை.