புதுப்பிப்பு: கூடாரத்துக்குள் லெட்டூஸ், விளக்கும் சூடும்

மலேசியா, சுங்கை சிப்புட்டில் தகரக் கூரை வீட்டின் பின்னறையில், விளக்கு வைத்துச் செடி வளர்க்கும் சின்னத் துணிக் கூடாரத்தில் லெட்டூஸ் வளர்க்க எந்த விளக்கு நல்லது, சூட்டை என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன்மார், அக்காமாருக்கு நன்றி.

சோடியம் விளக்கை விட்டுவிட்டு 100 வாட் எல்இடி வாங்கினேன். எல்இடி சூடாகாது என்பது கடைக்காரர் பேச்சு. இழுக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும்; அதே வெளிச்சத்துக்குக் குறைந்த வாட் போதும், அதுதான் லாபம். விளக்கின் டிரைவரை, அதாவது அதற்கு ஏற்ற மாதிரி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டியைக் கழற்றிக் கூடாரத்துக்கு வெளியே தொங்கவிட்டேன். தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காது.

மேலே சூட்டை வெளியே தள்ளும் விசிறி, கீழே காற்று வரத் திறந்த மடல். ஆனால் விசிறி எவ்வளவு சுற்றினாலும் அறையைவிடக் கூடாரம் குளிராது. நம் ஊர் மத்தியான வெயிலில் தகரத்தடி எப்படி இருக்கும், சொல்லவா வேண்டும்! அதனால் விளக்கு மாலை 6 மணிக்கு எரிந்து காலை 10 மணிக்கு அணைகிறது. இலை மட்டத்தில் செடிக்குப் பயன்படும் வெளிச்சம் சதுர மீட்டருக்கு விநாடிக்கு 250 மைக்ரோமோல், 16 மணி நேரம். கூட்டினால் நாளுக்கு 14 மோல் சொச்சம். லெட்டூஸுக்கு அது தாராளம்.

அப்புறம், நடுக்குருத்து இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகியது. உரம் குறைவில்லை, காற்று அசையாததால் சுண்ணாம்புச் சத்து குருத்துக்குப் போய்ச் சேரவில்லை. கிளிப் விசிறி ஒன்றைச் செடிமேல் திருப்பியதும் புதுக் குருத்து சுத்தமாக வருகிறது.

கொத்தமல்லி கேட்ட அக்காவுக்கு: இதே 16 மணி வெளிச்சத்தில் வைக்காதீர்கள், சீக்கிரம் பூத்துவிடும்.