ஹோலை மறித்து ஓர் அறை எடுக்க வேண்டும், பலகையா ஜிப்சமா கல்லா?

மூன்றாம்மாடி:
வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு பிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு அறை, நீளமான ஒரு ஹோல். மகன் இந்த முறை ஏ.எல். பரீட்சை எடுக்கிறான். மனைவி பின்னேரம் நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறார், அம்மாவின் டிவி நாடகமும் சரியாக அந்த நேரத்தில்தான். போதாக்குறைக்குக் கரையோர ரயில். ஹோலின் முன்பக்கம் கடலைப் பார்த்த பல்கனி, உள்பக்கத்தில் படிக்கட்டைப் பார்த்தபடி சின்ன ஜன்னல் ஒன்று. அந்த உள்பக்கத்தை மறித்துக் கதவு வைத்து மனைவிக்கு ஓர் அறையாக்கலாம் என்று யோசிக்கிறேன். அகலம் 12 அடி, உயரம் ஒன்பதரை அடி.

ஒரு பாஸ் (வேலைக்காரர்) வந்து பார்த்துவிட்டு, அலுமினியம் சட்டம், லாமினேட் போர்ட், மேலே கொஞ்சம் கண்ணாடி, இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். இன்னொருவர் ஜிப்சம் போர்ட் என்கிறார். மச்சானோ பேசாமல் கல்லைக் கட்டு என்கிறான். வீட்டுக்காரர் சொன்னது ஒன்றுதான், "போகும்போது பழையபடி இருக்க வேண்டும்." எனக்கு முக்கியம் சத்தம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தச்சன்மகன்:
அண்ணை, கல்லை முதலில் மறந்துவிடுங்கள். நீங்கள் சொன்ன அளவுக்கு அரைச்செங்கல் சுவர் கட்டி இரண்டு பக்கமும் பூசினால் இரண்டரை டன் வரும். கீழே பீம் இருக்கிறதோ இல்லையோ தெரியாத மூன்றாம் மாடி சிலாப்பில், அதுவும் வாடகை வீட்டில், அதை ஏற்றச் சொல்கிற மச்சானைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருங்கள். அதே சுவர் ஜிப்சத்தில் 250 கிலோ அளவில் முடிந்துவிடும்.

அலுமினியம் பார்ட்டிஷனை நான் குறை சொல்லவில்லை, வருடக்கணக்காக அதைத்தான் பூட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது ஒற்றைப் பலகை. கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. கொஞ்ச நாளில் பலகையைப் பிடித்திருக்கும் பீடிங் பட்டி தளர்ந்து, லொறி போனால் பலகையே படபடக்கும், உங்கள் வீட்டில் ரயில் வேறு.

ஜிப்சம் என்றால் இப்படிக் கேளுங்கள்: நடுவில் ஜி.ஐ. ஸ்டட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு நிலைச்சட்டம், இரண்டு அடிக்கு ஒன்று, இரண்டு பக்கமும் 12.5 மிமீ போர்ட், இடையில் கட்டாயம் ராக்வூல், கல்லை உருக்கி நூற்ற பஞ்சு. ராக்வூல் வேண்டாம், காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் அவர் கட்டித் தருவது மேளம்தான். போர்டைத் தரையில் முட்ட விடக்கூடாது, 10 மிமீ அளவு தூக்கி நிறுத்தி அந்த இடைவெளியை சீலன்டால் அடைத்து, அதன்மேல் ஸ்கேர்ட்டிங் (சுவரடிப் பட்டி) அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு துடைக்கும் தண்ணீரை ஒவ்வொரு நாளும் அடியில் குடித்துக் குடித்து ஒரு வருடத்தில் பிஸ்கட் மாதிரி உதிரும். கடற்காற்று என்பதால் ஸ்க்ரூவில் கஞ்சத்தனம் வேண்டாம், மலிவான ஸ்க்ரூ என்றால் பெயின்டுக்கு மேலால் வரிசையாகத் துருப்பொட்டு கிளம்பும். சாமான் விலை கேட்பதென்றால் பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி இறங்குங்கள், ஒரே கடையில் முடிக்க வேண்டாம்.

நான் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழில் பழகிய காலத்தில் ஓர் அலுவலகத்தில் மனேஜர் அறைக்கு அருமையான சுவர் போட்டேன், இரட்டைப் போர்ட். ஆனால் அதை ஃபோல்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிட்டேன், மேலே சிலாப் வரை கொண்டுபோகவில்லை. உள்ளே பேசிய சம்பளக் கதை முழுவதும் சீலிங்குக்கு மேலால் ஏறிப் பக்கத்து மேசைகளில் இறங்கியது. என் காசில் திரும்பவும் ஏணி வைத்து ஏறினேன்.

பழைய_ஒலிக்காரன்:
மேலே தம்பி சொன்னது முழுக்கச் சரி, கணக்கை மட்டும் நான் போடுகிறேன். உங்கள் சுவர் 12 × 9.5 = 114 சதுர அடி. சீலிங் கோணல், பிறகு அடைக்கலாம் என்று பாஸ் மேலே ஒரு அங்குலம் விட்டுவிட்டுப் போனால், 12 அடி நீளத்துக்கு அது ஒரு சதுர அடி ஓட்டை. அதாவது சுவரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் மிச்சச் சுவரை ஈயத்தால் செய்தாலும் மொத்தத்தில் 20 டெசிபல் அளவுக்கு மேல் தடுக்காது. ஒழுங்காக அடைத்த ராக்வூல் சுவர் 40ஐ எட்டும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும் என்பதை வைத்துப் பாருங்கள், அந்த ஒரு அங்குலத்தின் விலை தெரியும்.

கதவும் அப்படித்தான். மூன்றடிக் கதவுக்குக் கீழே அரை அங்குலம் என்பது சுவரில் ஒரு பாஸ்போர்ட் அளவு ஓட்டை வெட்டியதற்குச் சமம். உள்ளே வெறுமையான மலிவுக் கதவு வாங்காதீர்கள், விரலால் தட்டினால் தெரிந்துவிடும். நிலையைச் சுற்றி ரப்பர், அடியில் ஒரு தூரிகைப் பட்டி. வேலை முடிந்த அன்று இரவு எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு அந்தப் பக்கம் மட்டும் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும். பாஸுக்குக் கடைசிக் காசு கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள்.

முதுகோடு முதுகாக இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பிளக் பெட்டி வைக்க விடாதீர்கள், அது டெலிபோன் குழாய் மாதிரி.

கொட்டாஞ்சேனைக்காரி:
எல்லோரும் சத்தத்தையே பேசுகிறீர்கள், காற்றைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அண்ணா, உங்கள் ஹோலில் பல்கனியால் வருகிற காற்று அந்தப் படிக்கட்டு ஜன்னலால்தான் வெளியே போகிறது. நடுவில் மறித்தால் இரண்டு பக்கமும் அது செத்துப்போகும். நாங்கள் இதே வேலையைச் செய்தோம். முதல் கிழமை அழகாக இருந்தது, சித்திரை வெயிலில் லப்டொப்பும் ஃபேனும் மனுசியுமாக அந்தப் பெட்டிக்குள் இட்லியே அவிக்கலாம். பிறகு கதவுக்கு மேலே சட்டம் வைத்துக் காற்றுக்குத் திறந்துவிட்டோம், காற்று வந்தது, மாமியின் டிவியும் கூடவே வந்தது. இரண்டும் சேர்ந்து கிடைக்காது, ஒன்றைத்தான் எடுக்கலாம். படிக்கட்டு ஜன்னலில் சின்ன எக்ஸோஸ்ட் ஃபேன் ஒன்று, வகுப்பு இல்லாத நேரம் கதவை விரியத் திறந்து வைப்பது, இதுதான் எங்களுக்குச் சரிவந்தது.

இன்னொன்று, இதைப் படிக்கிற பழைய வீட்டுக்காரர்களுக்கு. உங்கள் சீலிங் பழைய அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் சட்டம் பூட்ட அதில் துளை போட விடாதீர்கள், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், அம்மாவின் டிவியை அவருடைய அறைக்குள் வைத்துப் பார்த்தீர்களா?

மூன்றாம்மாடி:
எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி கேட்டதைப் படித்துவிட்டு மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார், ஏனென்றால் அதை அவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரி, டிவி அறைக்குள் போய்விட்டது. நேற்று அந்த அறைக் கதவை அடைத்துவிட்டு லைட் சோதனையும் செய்து பார்த்தேன், கீழே முழு நீளத்துக்கு வெளிச்சக் கோடு. பழைய சேலையைச் சுருட்டி வைத்தோம், வகுப்பில் இருந்த பிள்ளைகளே "டீச்சர், இன்றைக்கு நாடகம் இல்லையா?" என்று கேட்டார்களாம்.

சுவர் யோசனையைக் கைவிடவில்லை. மகனும் மனைவியும் ஒரே மேசையில் எத்தனை நாளைக்கு? வீட்டுக்காரரிடம் ஜிப்சம் என்று சொன்னேன், தரையில் துளை விழுந்தால் டைல்ஸ் மாற்றித் தர வேண்டும் என்கிறார். தச்சன்மகன் தம்பி, அடிச்சட்டத்தைத் துளை போடாமல் ஒட்டி நிறுத்த வழி இருக்கிறதா?

தச்சன்மகன்:
இருக்கிறது, ஆனால் கதவு வருகிற இடத்துக்குச் சரிவராது. ஒவ்வொரு முறை அடித்துச் சாத்தும்போதும் நிலை ஆடும், ஒட்டு விட்டுவிடும். நிலைக்கு இரண்டு பக்கமும் டைல்ஸ் மூட்டுக் கோட்டில் மட்டும் துளை போடச் சொல்லுங்கள், போகும்போது கிரௌட் பூசினால் அடையாளம் தெரியாது. மற்ற இடத்தில் ஒட்டலாம், மேலேயும் பக்கத்துச் சுவர்களிலும் ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும். வீட்டுக்காரரைக் கூட்டிவந்து கோட்டைக் காட்டி, வேலை தொடங்குமுன் தரையைப் படமும் எடுத்து வையுங்கள்.