வாக்கரைத் தொட மறுக்கும் அப்பாவிடம் யாராவது பேச முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. நாள்பட்ட சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அதற்குப் பழகிவிட்டார். ஆனால் புண் ஆறாமல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்ததைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. வாக்கரில் துண்டு காய்கிறது. யாராவது வந்தால் காலைப் போர்வையால் மூடிக்கொள்கிறார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்துலா உள்ள கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கிறார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என்று வாயெடுத்தாலே சாப்பிடாமல் படுத்துவிடுகிறார். இன்சுலின் போடுபவர், சாப்பிடாவிட்டால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடுமோ என்று எங்களுக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

இதே நிலையைக் கடந்தவர்கள் அவரிடம் போனில் பேசுவீர்களா? எங்கள் அறிவுரை அவருக்குச் சலித்துவிட்டது. செயற்கைக் கால் அணிபவர்களே, டயாலிசிஸில் உடலின் நீர் குறைந்து, எடுத்த காலில் எஞ்சிய பகுதியின் பருமன் மாறும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மதுரைப் பக்கம் பொறுமையான மனநல ஆலோசகர் இருந்தாலும் சொல்லுங்கள்.