புதுப்பிப்பு: வடகம் தப்பியது, வாழை தப்பவில்லை

அம்மா மாடி நிறையக் கூழ்வடகம் பிழிந்திருக்கிறார், மேற்கே கருக்கிறது, எடுத்துவிடலாமா என்று காலையில் கேட்டிருந்தேன். எடுக்கச் சொன்னவர்களுக்கு நன்றி.

மதியம் முழுக்க அனல், ஒரு இலை அசையவில்லை. அக்னி நட்சத்திரத்தில் இப்படிப் புழுங்கினால் சாயங்காலம் இடி உண்டு என்பது எங்கள் மன்னார்குடிப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தரைச் சூட்டில் ஈரக்காற்று மேலெழும்பி மேகமாகிறது. செய்தியில் வெப்பச்சலனம் என்பார்களே, அதுதான். அப்பாவும் தம்பியும் வேட்டியை நாலு முனையிலும் பிடித்து வடகத்தோடு இறங்கவும், புழுதிக்காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. காயாத பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மின்விசிறிக்கு அடியில் பரப்பலாம் என்றால் கரண்ட் இல்லை.

கொல்லையில் குலை தள்ளிய வாழை இரண்டு முறிந்துவிட்டன. சித்தப்பாவுக்குப் பருத்திக் கவலை: வெடித்த பஞ்சு நனைந்தால் நிறம் மங்கும், விலையும் இறங்கும். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கோ கொண்டாட்டம். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் இந்த ஈரத்தில் கோடை உழவு ஓட்டிவிடலாமாம்.

அப்புறம், பிஞ்சு வாழைக்காயில் பொரியல் தவிர வேறென்ன செய்யலாம்? சொல்லுங்கள்.