தீவாதல், தீவாக்கல், துருத்தி: இன்வேற்றர் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

கோண்டாவில், தொழிற்பயிற்சி ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். சூரிய மின் பொருத்துநர் வகுப்புக்காக, எந்த வீட்டுக்கு எந்த இன்வேற்றர் (தகட்டில் வரும் மின்னை வீட்டு மின்னாக மாற்றும் பெட்டி) பொருந்தும் என்று சொல்லும் சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். மின்வலையோடு மட்டும் இணைவது, பற்றரியோடு தனித்து நிற்பது, இரண்டும் சேர்ந்த கலப்பு வகை, இந்த மூன்றும் ஒருவாறு சரிவந்துவிட்டன. இடறுவது 'அன்ரி-ஐலண்டிங்'. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க மின் நின்றபோது, கொளுத்தும் வெயிலில் கூரை நிறையத் தகடு வைத்திருந்த வீடுகளிலும் ஃபான் நின்றதே, அதற்குக் காரணம் இதுதான். தெருவில் மின் போனால் இன்வேற்றரும் தன்னை நிறுத்திவிடும். இல்லாவிட்டால், கம்பியில் மின் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவரின் உயிர் போய்விடும். பிள்ளைகள் பரீட்சையில் எழுதக்கூடிய சொல்லாகத் தாருங்கள்.

சுன்னாகம், மின் பொருத்துநர்:

ரீச்சர், நாங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லுறது 'லைன் போனா இதுவும் போகும்' எண்டுதான். உடன கேப்பினம், 'அப்ப ஏன் தம்பி இவ்வளவு காசு குடுத்தனாங்கள்?' எண்டு. கலப்பு இன்வேற்றரின்ர கதை அங்கதான் தொடங்கும். அதுவும் முழு வீட்டையும் தாங்காது. தனி வெளியீடு ஒண்டு இருக்கு. லைற், ஃபான், பிரிட்ஜ் மூண்டையும் அதில குடுத்தா 10, 20 மில்லிசெக்கனில மாறிப்போடும், ஆருக்கும் தெரியாது. கிணத்து மோட்டரை அதில கொழுவினாத்தான் சோலி. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடேக்க ஒரு கிலோவாற்றுக்குக் கிட்டத்தான் எடுக்கும், ஆனா தொடங்கேக்க அஞ்சாறு மடங்கு இழுக்கும். 3 கிலோவாற் இன்வேற்றர் பிழை காட்டிப்போட்டு நிண்டுடும். சொல் என்னவாயும் இருக்கட்டும், இதைக் கையேட்டில பெரிய எழுத்தில போடுங்கோ.

நல்லூர், ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்:

பிள்ளை, வலையமைப்பிலிருந்து அறுந்த ஒரு துண்டுக்குள் மின் ஓடிக்கொண்டே கிடந்தால் அதுதான் ஆங்கிலத்தில் சொல்லும் 'ஐலண்ட்', தீவு. அந்த உருவகத்தை நாமும் எடுக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கலப்பு இன்வேற்றர் வீட்டை வேண்டுமென்றே தீவாக்குகிறது. முதலில் தெருக்கம்பியை வெட்டிவிட்டு, பிறகு 230 வோல்ற்றையும் 50 ஹேர்ட்ஸ் மீடிறனையும் தானே உண்டாக்கி வீட்டுக்குக் கொடுக்கிறது. வலையோடு மட்டும் இணையும் வகைக்கு அந்த இரண்டையும் வெளியிலிருந்து காட்டவேண்டும். ஆகவே 'தடுப்பு' என்று மட்டும் போட்டால், தடுப்பும் தடுத்த காரியமும் ஒரே பெட்டிக்குள் எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். தமிழில் தன்வினை, பிறவினை எதற்கு இருக்கிறது? தானாக நேர்ந்தால் தீவாதல். நாம் செய்தால் தீவாக்கல். தீவாதலைத் தடுக்கிற இன்வேற்றரே தீவாக்கலையும் செய்யும்.

கொக்குவில், தமிழாசிரியர்:

மாஸ்ரர் சொன்ன இலக்கணம் சரி, எடுத்த சொல்தான் பிழை. தீவு, 'த்வீபம்' வழியாக வந்தது. நம்மிடம் துருத்தி இருக்கிறது: ஆற்றுக்கு நடுவே நீர் சூழ நிற்கும் திட்டு. திருப்பூந்துருத்தியும், குத்தாலத்தின் பழைய பெயரான திருத்துருத்தியும் அதுதான். அரங்கம் என்றாலும் அதே பொருள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவரங்கம். துருத்துவது என்றால் வெளியே தள்ளிக்கொண்டு நிற்பது. வலையிலிருந்து தள்ளி நிற்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? துருத்தற்காப்பு என்று போடுங்கள். இன்வேற்றரையும் அப்படியே விடவேண்டாம். நேரோட்டத்தை ஆடலோட்டமாக்குவதால் அது ஆடலாக்கி.

கோயம்புத்தூர், பொறியியல் கல்லூரி ஆசிரியர்:

ஐயா, ஆடலாக்கி என்றால் எங்கள் மாணவர்கள் நடன ஆசிரியரைத் தேடுவார்கள். உங்கள் ஆடலோட்டம் எங்களுக்கு மாறுதிசை மின்னோட்டம். நீங்கள் நிலைமாற்றி என்பதை நாங்கள் மின்மாற்றி என்கிறோம், உங்கள் மீடிறன் எங்களுக்கு அதிர்வெண். புதுச் சொல்லிலாவது இரண்டு கரையும் சேரக்கூடாதா? இன்வெர்ட்டருக்குப் 'புரட்டி' எப்படி?

சுன்னாகம்:

ஐயா, அது மட்டும் வேண்டாம். விலைப்பட்டியலில புரட்டி எண்டு போட்டா சனம் பெட்டியைப் பாக்காது, எங்களைத்தான் பாக்கும்.

வேலணை:

துருத்தி எண்டா எங்கட ஊரில கொல்லன்ர பட்டறைக்குத்தான் போவினம். பிறகு, ஆற்று நடுவில திட்டு எண்டுறியள். யாழ் குடாநாட்டில ஆறெண்டு சொல்ல வழுக்கியாறு ஒண்டு, அதுவும் மாரிக்கு மட்டும். எங்கட வேலணையும் தீவுதானே, தீவார் சார்பில ஒரு சின்ன முறைப்பாடு: 'தீவாதல் தடுப்பு' எண்டா நாங்கள் என்ன தடுக்கவேண்டிய சனமோ? பகிடிக்குத்தான். சொல் விளங்குது. ஆனா நெடுந்தீவுக்குத் தேசிய வலையமைப்பே வரேல்லை, டீசல் இயந்திரத்தில ஓடினது. அது தீவாதலோ, தீவாக்கலோ?

நல்லூர்:

இரண்டும் இல்லை. இணைந்திருந்து பிரிந்தால்தானே ஆதல்? நெடுந்தீவு பிறவியிலேயே தீவு. தமிழாசிரியர் ஐயாவுக்கு: வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வந்தால் வடசொல்லும் ஆகும் என்று எச்சவியலில் தொல்காப்பியரே இடம் விட்டிருக்கிறார். தீவில் வடவெழுத்து எங்கே?

ரொறன்ரோ:

1990க்குப் பிறகு குடாநாடு முழுதுமே வலையமைப்பிலிருந்து அறுந்துதானே கிடந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். அப்போது எங்கள் வாயில் இருந்த சொல் 'அந்தரிச்சுப் போனம்', அதாவது ஆதரவில்லாமல் தவித்துப்போனோம். அந்தரிப்புத் தடுப்பு என்று போட்டால் பாட்டிக்கும் விளங்கும்.

கோயம்புத்தூர்:

எங்களுக்கு அந்தரம் என்றால் நடுவானம். கம்பத்தில் ஏறியவரைப் பற்றிய பாடம் என்று நினைத்துவிடுவார்கள்.

கொக்குவில்:

எச்சவியலை எனக்குக் காட்டத் தேவையில்லை. தொல்காப்பியர் இடம் விட்டது சொல் இல்லாதவனுக்கு. நாவலந்தீவு என்று பழையவர்கள் பாடியதும், மணிமேகலை இறங்கிய மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சிலர் வாதாடுவதும் தெரியும். வழக்கில் இருப்பதாலேயே வேர் மாறிவிடாது.

சுன்னாகம்:

எனக்குத் தீவு ஓம். பயம் என்னெண்டா, தீவாதல், தீவாக்கல் ரெண்டுக்கும் நடுவில ஒரு 'க்' தான் வித்தியாசம் மாதிரிக் கிடக்கு. அச்சுக் கோக்கிறவர் பிழைவிட்டா அர்த்தம் தலைகீழ். பொருத்திற பெடியன் 'தடுப்பு' எது, 'செய்யிறது' எது எண்டு மாறி விளங்கினா லைன்மனுக்குத்தான் வினை.

கோண்டாவில்:

நேரம் போகிறது, ஐயாமாரே. நான் செய்தது இது. 'தற்செயல் தீவாதல்', 'திட்டமிட்ட தீவாக்கல்' என்று அடைமொழி சேர்த்துவிட்டேன். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அடைமொழி காப்பாற்றும். காப்புக்குத் 'தீவாதல் தடுப்பு'. ஐஇஇஇ (மின், இலத்திரனியல் பொறியியலாளர் நிறுவனம்) 1547 நியமம் கேட்பதுபோல, மின்வலை அறுந்து 2 செக்கனுக்குள் இன்வேற்றர் நிற்கவேண்டும் என்பதையும் அதே பந்தியில் எழுதியிருக்கிறேன். இன்வேற்றர் இன்வேற்றராகவே இருக்கிறது. பற்றரிப் பக்கத்தில் 51.2 வோல்ற்று என்று இருப்பதைப் பார்த்து, 48 வோல்ற்று இன்வேற்றருக்குக் கூடாதோ என்று ஒரு பிள்ளை கேட்டது, 3.2 வோல்ற்றுக் கலம் 16 தொடராக இருப்பதால் வரும் பெயரளவு அது, இரண்டும் ஒரே வகுப்புத்தான் என்று அடிக்குறிப்புப் போட்டேன். மோட்டர் எச்சரிக்கை பெரிய எழுத்தில் வருகிறது, தம்பி.

வேலணை:

ஓம், சரி.

நல்லூர்:

சரி. அடைமொழி எனக்குப் பாரமாகத்தான் தெரிகிறது, ஆனாலும் போகட்டும்.

கொக்குவில்:

என் மறுப்பு இந்தக் குழுவில் பதிவாகட்டும். அடுத்த பதிப்பிலாவது அடைப்புக்குறிக்குள் துருத்தியைப் போடுங்கள், பிள்ளை. ஆடலாக்கியைப் பற்றி யாரும் இன்னும் சரியாக மறுக்கவில்லை என்பதையும் கவனிக்கவும்.