பர்ஜெஸின் வட்டங்களை இன்னும் கற்பிக்கத்தான் வேண்டுமா?

கோட்டோவியன்:
நகரப் புவியியல் வகுப்பில் கரும்பலகையில் முதலில் ஏறுவது, சமூகவியலாளர் பர்ஜெஸ் 1925-இல் சிகாகோவை வைத்து வகுத்த ஐந்து வட்டங்கள்தாம்: நடுவில் வணிக மையம், சுற்றிலும் வீடுகள் வணிகத்துக்கு இடம்விட்டுக்கொண்டிருக்கும் மாறுநிலை மண்டலம், பிறகு தொழிலாளர் வீடுகள், வசதியானோர் வீடுகள், கடைசியில் தினமும் பயணித்து வேலைக்கு வருவோரின் புறநகர். அந்தச் சிகாகோவிலேயே கிழக்குப் பக்கத்து அரைவட்டங்கள் மிச்சிகன் ஏரியில்தான் விழுகின்றன. வசதியானோர் குடியிருப்பு போக்குவரத்துப் பாதையையொட்டி ஆப்புப் போல வெளிநோக்கி நீள்வதை 1939-இல் நிலப் பொருளாதார ஆய்வாளர் ஹாய்ட் காட்டினார். நகரத்துக்கு ஒரே மையம் என்பதையே 1945-இல் புவியியலாளர்கள் ஹாரிஸும் உல்மனும் மறுத்தார்கள். இதற்குப் பிறகும் வட்டம் எதற்கு?

பாதசாரி:
படம் பிழையானது என்பதில் எனக்கு வழக்கில்லை, நண்பரே. அதற்குள் இருக்கும் புதிரைக் கைவிடத்தான் மனமில்லை. நிலத்தின் விலை மையத்தை நெருங்க நெருங்க ஏறுகிறது. அப்படியிருக்க, ஏழைகள் மையத்துக்கு அருகிலும் வசதியானோர் விலை மலிந்த ஓரத்திலும் வாழ்ந்தது எப்படி? ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய மாடிவீட்டைத் தடுத்துத் தடுத்து, அறைக்கொரு குடும்பமாகக் குடிவைத்தால், ஒவ்வொருவரும் கொடுப்பது சொற்பமே என்றாலும் சதுர அடிக்கு வீட்டுக்காரர் பெறுவது அதிகம். நாளை அந்த மனையை வணிகக் கட்டடத்துக்கு விற்றுவிடலாம் என்று காத்திருப்பவர், ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றவும் மாட்டார். மாறுநிலை மண்டலம் என்ற சொல்லுக்குள் இருப்பது இந்தக் காத்திருப்புதான். நகர ஆய்வாளர் அலோன்சோ 1964-இல், எந்த இடத்துக்கு யார் அதிக வாடகை தருவார் என்ற நிலவாடகைப் போட்டியைக் கணிதமாக எழுதியபோது எடுத்துக்கொண்டதும் இதே புதிரைத்தான்.

கோட்டோவியன்:
கூரை உதாரணத்தை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் சந்தையின் தலையில் கட்டிவிட முடியாது. ‘படையெடுப்பு’, ‘வழிமுறை வளர்ச்சி’ (ஓரினம் இருந்த இடத்தை இன்னோரினம் பிடிப்பது) என்று தாவரச் சூழலியலிலிருந்து கடன்வாங்கிய சொற்களால் பர்ஜெஸ் குடியிருப்பு மாற்றத்தை விளக்கியதில், ஏதோ காட்டில் புல் முளைப்பதுபோல அது தானாக நடந்ததென்ற எண்ணம் வந்துவிடுகிறது. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டு உரிமையாளர் கடன் கழகம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு தீட்டி இடர் மிகுந்தவையாகக் குறித்தது; கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் அத்தகைய பகுதிகளின் வீட்டுக்கடன்களுக்குக் காப்பீடு தர மறுத்தது. கடன் கிடைக்காத தெரு சிதைவதை எந்தச் சூழலியலில் சேர்ப்பது?

வெளிவட்டம்:
இடையில் ஒரு சொல். பாரிஸில் படம் ஏறக்குறையத் தலைகீழ்: வசதி பெரிதும் உள்ளேயும், அடுக்குமாடிப் பொதுக் குடியிருப்புகள் பெரும்பாலும் வெளியேயும் இருக்கின்றன, 1958-இல் தொடங்கிய லா தெஃபான்ஸ் அலுவலக வட்டாரமோ நகர எல்லைக்கு மேற்கே நிற்கிறது.

பாதசாரி:
பாரிஸ் எனக்கும் தெரிந்த ஆட்சேபம்தான், அது நியாயமானதும்கூட. கடன் மறுப்பைப் பற்றி நீங்கள் சொன்னது அதைவிடக் கனமானது. அந்த இடத்தில் வட்டம் வாயடைத்துப்போகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஹாய்டின் ஆப்பை விளக்க வரும் ஆசிரியர், அது எதற்கு மறுப்பு என்று காட்டவாவது முதலில் வட்டத்தை வரைந்தாக வேண்டுமல்லவா?

கோட்டோவியன்:
வரையுங்கள், கூடவே 1925 என்ற ஆண்டையும் அந்த ஏரியையும் சேர்த்து வரைந்தால் என் ஆட்சேபம் சரிபாதி குறைந்துவிடும்.