கீழவீட்டு சொந்தங்கள்: தாத்தா சதாபிஷேகம்

கோவை சித்தி: அப்பா விசேஷத்துக்கு ஸ்கிரீன்ல ஓட்ட பழைய போட்டோ கேட்டு 4 தடவை போட்டாச்சு. வந்தது ஒண்ணு. அதுலயும் பாதி கட்டைவிரல்.

பெரிய மாமா: ஆல்பம் யார் வீட்டுக்குப் போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். நான் வாய் திறக்கல.

மஞ்சு அக்கா: மாமா, என்கிட்ட ஆல்பம் கிடையாது. பிஸ்கட் டப்பாவுல நெகட்டிவ்தான் இருக்கு. பிரிண்டர்ல வச்சு ஸ்கேன் பண்ணேன், ஒரே கறுப்பு.

பாபு: அப்படித்தான்க்கா வரும். பேப்பர்ல பட்டுத் திரும்புற வெளிச்சத்தைத்தான் அது படிக்கும். நெகட்டிவுக்கு வெளிச்சம் பின்னாலேர்ந்து வரணும். அப்படி வச்சு போட்டோ எடுக்க, சின்ன சென்சார் இருக்கிற என் நிக்கான் கிராப் கேமராவே போதும். ரொம்பக் கிட்டத்துல எடுக்கிற மேக்ரோ லென்ஸ் வேண்டாம், 50 எம்.எம். லென்ஸுக்குப் பின்னாடி எக்ஸ்டென்ஷன் டியூப்னு கண்ணாடி இல்லாத வளையம் போட்டுக்கலாம். செட்டுல 12, 20, 36 எம்.எம்.னு 3 வரும். 12ஐயும் 20ஐயும் சேர்த்து மாட்டினா முழு ஃபிரேமும் அடங்கும். 36 போட்டா ஓரம் வெட்டிடும்.

கோவை சித்தி: சரிப்பா

பெரிய மாமா: ஸ்டூடியோல குடுத்தா முடிஞ்சுது.

பாபு: டப்பா முழுக்கவா மாமா? ஃபிரேமுக்கு இவ்வளவுன்னு கேப்பாங்க.

மஞ்சு அக்கா: லைட்டுக்கு போன்ல வெள்ளை ஸ்கிரீன் வைக்கலாமா?

பாபு: நெகட்டிவை அதுமேலயே வச்சா பிக்சல் புள்ளி புள்ளியா விழும். அடியிலேர்ந்து வெளிச்சம் வர்ற எல்.ஈ.டி. டிரேசிங் பேட் வாங்கணும், சி.ஆர்.ஐ. (கலரை எவ்வளவு நிஜமா காட்டும்ங்கிற அளவு) 95க்கு மேல. மட்டமான லைட்ல சிவப்பு குறையும், முகமெல்லாம் செத்துப்போன கலரா வரும். பேடுக்கு 2 செ.மீ. மேல நெகட்டிவ் நிக்கணும், அப்பதான் பேட்ல இருக்கிற தூசி ஃபோகஸ்ல வராது. சுத்தி கறுப்பு சார்ட், நடுவுல 24க்கு 36 மி.மீ. ஓட்டை. ரூம் லைட்டை அணைச்சிடணும்.

சின்ன மாமா: பந்திக்கு 300 பேரா 350 பேரா? சமையல்காரர் கேக்குறார்.

பாபு: மட்டம் பாக்க, நெகட்டிவ் வைக்கிற இடத்துல முகம் பாக்கிற சின்னக் கண்ணாடி வைங்க. கேமரா ஸ்கிரீன் நடுவுல லென்ஸோட பிம்பம் சரியா உக்காரணும். கொஞ்சம் சாஞ்சாலும் ஒரு மூலை மங்கும். அப்புறம் கேமரா செட்டிங்: லென்ஸ் திறப்பு எஃப் 8, ஒளி உணர்வு ஐ.எஸ்.ஓ. 100, 2 செகண்ட் டைமர், கேமரா கலரை மாத்தாத ரா ஃபைல், எல்லாம் மேனுவல்.

பெரிய மாமா: 350. மேல வீட்டுக்காரங்களையும் கூப்பிடணும்ல?

கோவை சித்தி: அண்ணா அதை இங்க பேச வேண்டாம்

மஞ்சு அக்கா: கம்ப்யூட்டர்ல கலரைத் திருப்பிப் பாத்தேன் பாபு, எல்லாம் நீலம்.

பாபு: நெகட்டிவ்ல இருக்கிற ஆரஞ்சு திரும்பினா நீலந்தான்க்கா. நெகட்டிவைக் கொஞ்சம் நகர்த்தி படம் இல்லாத ஓரத்தையும் ஒரு தடவை எடுத்துட்டு, டார்க்டேபிள் சாஃப்ட்வேர்ல நெகாடாக்டர்னு ஒரு டூல் இருக்கு, இலவசம், அதுல அந்த ஓரத்தை முதல்ல தொட்டுக் காட்டணும். மங்கலான பக்கம் கேமராவைப் பாக்கட்டும். படம் இடவலம் மாறி வரும், அப்புறம் திருப்பிக்கலாம்.

மஞ்சு அக்கா: சிலதுல வெள்ளையா பூஞ்சை. ஈரத்துணியால துடைக்கவா?

பாபு: ஐயோ தொடாதீங்க!! பூஞ்சை தின்ன இடத்துல தண்ணி பட்டா படமே கரைஞ்சு வந்துடும். வாயால ஊதவும் கூடாது, எச்சில் தெறிக்கும். ரப்பர் ஊதி இருக்கு என்கிட்ட.

சின்ன மாமா: நெகட்டிவ்ல பெரியண்ணன் வழுக்கை கறுகறுன்னு முடி மாதிரி இருக்குமே, அதை அப்படியே ஓட்டுங்க 😂

பெரிய மாமா: 🙏

கோவை சித்தி: டப்பாவை யார் எடுத்துட்டு வர்றா? ஞாயித்துக்கிழமை?

மஞ்சு அக்கா: டப்பா என் மாமியார் வீட்டு பரண்ல இருக்கு சித்தி. பாக்கறேன்.

சின்ன மாமா: அப்ப 350 சொல்லிடவா?